மாப்பிள்ளையின் வலது கை

அன்னவாசல்,
வெகுதானிய வருஷம் கார்த்திகை 10, வெள்ளிக்கிழமை

கட்டுமாவடியில் சகல சௌக்கியங்களோடும் வாழும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் கண்ணுசாமி அவர்கள் சமூகத்துக்கு ஆத்மநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை உண்ணாமலையும் மகள் செவந்தியும் கறவை மாடும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கும் மழைக்கும் எழுதக் கோருகிறேன்.

நிற்க. செவ்வாய்க்கிழமை நான் எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடவும். அவ்விடத்தில், செவந்திக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை திருப்பதியின் பெற்றோர் வீட்டுக்குப் போய் "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று இன்னும் சொல்லவில்லையென்றால் சொல்ல வேண்டாம். சொல்லியிருந்தால், வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிடவும்.

நடந்தது என்னவென்றால், மாப்பிள்ளை இங்கே வாத்தியார் வேலையோடு ஹாண்ட்பாலும் ஆடுகிறார். காலால் உதைக்காமல் கையால் பந்தை எறிந்து கோல் போடுகிற ஆட்டம் அது, பட்டணத்தில் படித்துவிட்டு வந்த ட்ரில் மாஸ்டர் கொண்டுவந்தது. திருச்சிக்காரர்களோடு மேட்ச் வருகிறதாம், கைப்பலத்தை அளந்து பார்த்துத்தான் ஆள் எடுப்பேன் என்று மாஸ்டர் வேப்பமரத்தில் ஒரு வில்தராசைக் கட்டிவிட்டார். ஒற்றைக் கையால் கொக்கியை இழுக்க வேண்டும், முள் காட்டுகிறதுதான் பலம். வருங்கால மருமகனைப் பார்க்கிற பெருமையில் நானும் முன்னாலே போய் நின்றேன். பெரியண்ணன் எழுபத்தொன்று, இருளாண்டி எழுபத்தெட்டு என்று மாஸ்டர் கூவினார். இருளாண்டி இழுத்த இழுப்பிலே தராசே தெறித்துப் போச்சு. பக்கத்திலே சேவுகன் புளிக்கடையிலிருந்து வேறொன்று வாங்கி வந்து மாட்டினாங்க. மிச்சம் மாப்பிள்ளை ஒருத்தர்தான். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாரு மச்சான்.

"திருப்பதி, இருபத்தெட்டு!"

ஊரே சிரிச்சுது. மாஸ்டர் பேரை அடிச்சுட்டாரு. மாப்பிள்ளை தன் கையையே பார்த்துக்கிட்டு நின்னாரு. தாலி முடிச்சை இறுக்கவாவது தெம்பு வேணாமா? அந்தப் பதட்டத்திலே எழுதினதுதான் செவ்வாய்க்கிழமைக் கடிதம்.

நேத்து மத்தியானம் சாப்பிடுறப்ப உங்க தங்கச்சி கேட்டா: "ஏங்க, ரெண்டாவது தராசு யாரோடது?"

"சேவுகனோடது."

"அட ஆண்டவனே! அது வீசைத் தராசாச்சேங்க! வருசம் பூரா அதுலதானே புளி வாங்குறேன். மாஸ்டரோடது ராத்தல் காட்டுறது. ஒரு வீசைக்கு மூணு ராத்தலுக்கு மேல வருமே!"

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். எண்பத்துநாலுக்கும் மேலே! எலையைப் போட்டது போட்டபடி மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். "பட்டணத்திலே எல்லாம் ராத்தல்தான் சார்" என்று மனுஷன் முழிக்கிறாரு. அவரையும் இழுத்துக்கிட்டு மாப்பிள்ளை வாடகைக்கு இருக்கிற அறைக்குப் போனா, அங்கே அவரு கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்காரம்மா உலக்கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கிட்டு இருக்காரு. மூணு நாளா இதேதானாம், உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

விஷயத்தைச் சொன்னதும், "அப்ப நான் நோஞ்சான் இல்லையா மாமா?" என்றார். மாஸ்டர் தராசை ரிப்பேர் பண்ணினாரு. இன்னைக்குக் காலையிலே மாப்பிள்ளை கொப்புளக் கையோடு இழுத்தும் எண்பத்தஞ்சு! கோஷ்டியிலே முதல் பேரு அவருதான். எனக்கு இப்பத்தான் மச்சான் மூச்சே வருது.

குடுமியான்மலை நாதர் கிருபையால் தங்கள் குடும்பம் தழைத்து, வலையும் படகும் நிறையட்டும். அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
ஆத்மநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது செவந்தி வந்து, "அந்தக் கடுதாசியைத் தபால்ல போடச் சொல்லி எங்கிட்டத்தானே குடுத்தீங்க? நான் போடவே இல்லப்பா. அவரு இருபத்தெட்டு ராத்தலா இருந்தாலும் எனக்கு அவருதான்" என்கிறாள். ஆகையால் தங்களுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. மேலே கண்டது ஒன்றையும் வாசிக்க வேண்டாம். தை மாதம் கல்யாணத்துக்கு வந்து சேரவும்.