மூன்று பானையும் ஒரு பொலிகாளையும்

இந்த வருஷமாவது பிரசங்கம் தொடங்குமுன் கோயிலுக்குப் போய்ச் சேர்வது என்று தீர்மானம் செய்தேன். எங்கள் வண்டிமாடு இரண்டும் ஆமைக்குத் தூரத்துச் சொந்தம். மிஷன் பள்ளி வாத்தியார் கிருபைராஜ் ஆகிய நான், வாரந்தோறும் கடைசி ஆமென் சொல்ல மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது விவசாய இலாகா இன்ஸ்பெக்டர் குற்றாலலிங்கம் வந்தார். "ஊர்ப் பசுக்களின் இனவிருத்திக்கு ஒரு பொலிகாளை தர உத்தேசம். எக்குணமுள்ள காளை வேண்டுமென்று குடியானவர்களின் விருப்பத்தை வாத்தியார் அறிந்து தெரிவிக்கவும்" என்று மூக்கால் சொல்லிவிட்டுப் போனார்.

ஓடுகிற காளை வந்தால் ஓடுகிற கன்று பிறக்கும். நான் மூன்று பானை வைத்தேன். பால், வேகம், சாது. வீட்டுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எந்தக் குணம் எவ்வளவு வேண்டுமோ, அந்தப் பானையில் அவ்வளவு கொட்டை. பானை வாயில் துணி. துணியில் ஓர் ஓட்டை.

"ஏட்டி சாரம்மா, கொட்டையை வீடு வீடா குடுத்துட்டு வந்துரு" என்றேன் மனைவியிடம்.

"எனக்கு எந்தக் காளை வேணும்னு கேக்கலியே?"

"காளையப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உதைக்குத பசுவுக்கடியில உக்காந்து கறக்குதது மட்டுந்தான் தெரியும்."

மறுநாள் அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் துவைக்கிற கல்லில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெளுக்க உரசிக்கொண்டிருந்தார்கள்.

"தாயம் ஆட இவ்வளவு கொட்டையா?"

"நாலு பேரு ஆடுதோம்லா."

புதன்கிழமை அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். நான் சாக்கிலிருந்து இரண்டு கை கொட்டையை அள்ளி வேகப் பானைக்குள் விட்டேன். மனம் வண்டியில் பறந்தது.

சனிக்கிழமை ஊர் கூடிற்று. இன்ஸ்பெக்டர் வேகப் பானையைக் கவிழ்த்தார். கொஞ்சம் கொட்டை ஒரு பக்கம் வெள்ளை. மிச்சமெல்லாம் முழுக்கக் கறுப்பு.

"இதென்ன, இரண்டு தினுசு?"

"எங்களுக்குத் தந்ததெல்லாம் உரசின கொட்டைதான் வே" என்றான் குடியானவன் சுடலையாண்டி.

ஊர் என்னைப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன். சாரம்மாள் பைய எழுந்தாள்.

"ஒண்ணுமில்லங்கய்யா. எங்க வீட்டு எலி இழுத்துப் போட்டிருக்கும்."

"துணி கட்டியிருந்ததே?"

"வாத்தியார் வீட்டு எலிங்கய்யா. படிச்சது."

கறுப்புக் கொட்டையை ஒதுக்கி எண்ணினார்கள். சாதுப் பானை ஜெயித்தது.

"காளையை யார் வீட்டில் கட்டிப் பராமரிப்பது?"

"எங்க வீட்டுலதான். எலிக்கும் ஒரு வேலை வேணும்லா."

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "நான் கொட்டையைப் போடுவேன்னு உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"பதினெட்டு வருஷமா உங்ககூடத் தாயம் ஆடுதேன்."

காளை வந்து மூன்று மாதமாகிறது. பரம சாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பசிக்கிறது. நான் புல் அறுத்துப் போட்டு, தண்ணீர் காட்டி, சாணி அள்ளிக் குளித்து வருவதற்குள் சாரம்மாள் வண்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டுவிடுகிறாள்.

நான் பின்னால் நடந்து போகிறேன். அந்த இரண்டு ஆமைகளையும் இன்னும் ஒரு வாரம்கூட எட்டிப் பிடிக்க முடியவில்லை.