ஆறு ஏக்கர் மானம்

மானத்துக்கு விலை கிடையாது என்பவர்கள் சரியான கடையில் விசாரிக்கவில்லை. அன்றைய நிலவரப்படி புல்லு முதலாளியின் மானம் சரியாக ஆறு ஏக்கர். அதையும் யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

புல்லு முதலாளி என்பது தெரு வைத்த பெயர். கையால் தள்ளிக்கொண்டு நடக்கும் இரண்டு புல்வெட்டி இயந்திரங்கள், இரண்டு ஆட்கள், ஊர் முழுக்கச் சின்னச் சின்ன வீட்டுத் தோட்டங்கள். இதுதான் அவருடைய தொழில். வீடுகள் எல்லாம் சில்லறை. மொத்தம் என்று ஒன்று இருந்ததென்றால் அது பெரிய ஆஸ்பத்திரியின் ஆறு ஏக்கர் புல்வெளி. பத்து வருடம் வெட்டியது. இப்போது வேறு ஒருவன் வெட்டுகிறான்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்த ஆஸ்பத்திரிப் புல்லு திரும்பி வரணும்," என்றாள் மனைவி. "வரலைன்னா எங்க அண்ணனோட இரும்புக் கடையில ஒரு நாற்காலி காலியா இருக்கு."

"என்ன நாற்காலி?"

"ஆணி எடை போடற நாற்காலி."

"மாப்ளே, ரெண்டு இஞ்ச் ஆணி, அரைக் கிலோ!" என்று கல்லாவில் உட்கார்ந்தபடி மச்சான் குரல் கொடுப்பது அவர் காதில் இப்போதே விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி மேனேஜரைப் பார்க்கப் போனார்.

"ரேட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன் சார்."

மேனேஜர் புன்னகை செய்தார்.

"பாதியாக் குறைச்சுக்கறேன்."

"பாதிக்கே முடியும்னா இத்தனை வருஷமா எதுக்கு முழுசா வாங்கினீங்க?"

வந்தது புதுப் பணத்துக்கு. விட்டால் பழைய பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் போலிருந்தது. அவர் அவசரமாக இன்னும் இறங்கினார். "சரி சார், பெட்ரோல் காசு மட்டும் குடுங்க."

"இன்னும் கொஞ்சம் இறங்கி வரணுமே."

பெட்ரோல் காசுக்குக் கீழே படியே கிடையாது. அதற்குக் கீழே ஒருவன் நின்று வெட்டுகிறான் என்றால்? புல்லு முதலாளிக்கு வயிற்றெரிச்சலைத் தாண்டி ஒரு பிரமிப்பு வந்தது.

"யாரு சார் அது?"

"அது நிர்வாக விஷயம்," என்று மேனேஜர் எழுந்துகொண்டார்.

வாசலில் வாட்ச்மேனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் வாட்ச்மேன் புதிது, 'நீங்க யாரு?' என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குத்தான் மாதக் கடைசி வரை பதில் கிடையாதே. அதனால் ஒரு பை ஆப்பிள் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வந்தவர் போல மூன்றாவது மாடிக்கு ஏறினார். அங்கே மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்தபடி ஒருவர் ஜன்னலோரம் படுத்திருந்தார்.

புல்லு முதலாளி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பத்து வருடம் முழங்கால் தேய நடந்து வெட்டிய இடம். ஒரு நாளும் மேலேயிருந்து பார்த்ததில்லை. கீழே புல் என்று எதுவும் தெரியவில்லை. வெளிர் பச்சை ஒரு பட்டை, கரும் பச்சை ஒரு பட்டை. ஜவுளிக்கடைக்காரர் ஒரே வீச்சில் கட்டுத் துணியை உருட்டிவிட்டது போல, வாசல் முதல் பின்சுவர் வரை ஒரு சுருக்கம் இல்லாமல் ஓடியது. போகும்போது ஒரு பக்கம் சாய்ந்த புல், வரும்போது மறுபக்கம் சாய்ந்த புல், அதில் விழும் வெயில். வித்தை அவ்வளவுதான். தொழில்காரருக்கு அது தெரியும். தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இதுக்கே இப்படி நிக்கறீங்களே," என்றார் கால்கட்டுக்காரர். "போன வாரம் மீன் முள்ளு மாதிரி போட்டிருந்தாரு. அதுக்கு முந்தின வாரம் பார்த்திருக்கணும். வளைஞ்சு, நெளிஞ்சு, எங்க போறோம்னே தெரியாம ஒரு டிசைன். டாக்டருங்க எல்லாம் மாடர்ன் ஆர்ட்னு சொன்னாங்க."

"வாரத்துக்கு ஒரு டிசைனா?"

"ஒரு தடவை வந்தது திரும்ப வந்ததே இல்லை. சனிக்கிழமை காலையானா இந்த மாடியில யாருக்கும் வலி தெரியாது."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"இங்கேருந்து என்ன தெரியும்? ஒரு தொப்பி தெரியும். கைப்பிடி ரெண்டைத் தள்ளுவாரு, நின்ன இடத்திலேயே வண்டி பம்பரமாத் திரும்பும்."

கொண்டுவந்த ஆப்பிளைக் கொடுக்க மறந்து புல்லு முதலாளி தானே கடித்தார்.

பெட்ரோல் காசுக்கும் கீழே கூலி. வாரத்துக்கு ஒரு கலை. இது மனிதன் காரியம் இல்லை, வண்டியின் காரியம். தேயாத, உடையாத, மெக்கானிக் முகத்தையே பார்க்காத ஏதோ ஒரு வண்டி. அதே வண்டி தன்னிடமும் இருந்தால்?

"வாங்கறதுன்னா வாங்குங்க," என்றாள் மனைவி. "ஆனா ஓட்டிப் பார்க்காம வாங்காதீங்க. செருப்பு வாங்கினாக்கூட கடைக்குள்ள நாலு நடை நடந்து பார்க்கறோம். அதுவும் முழுசா ஓட்டணும். அஞ்சு நிமிஷத்துக்கு எல்லாமே ஒழுங்காத்தான் இருக்கும். எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தன்னைக்கு நீங்களும்தான் ஒழுங்கா இருந்தீங்க."

புல்வெட்டி வண்டி விற்கும் கடைக்காரர் மெல்லிய குரலில் பேசுகிறவர். அந்தக் குரலுக்காகவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் புல்லு முதலாளி உள்ளே நுழைந்தார். ஏறி உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டிகள் மூன்று வரிசையாக நின்றன.

"டெக்கைத் தட்டிப் பாருங்க முதலாளி," என்றார் கடைக்காரர். டெக் என்பது பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கவசம்.

முதல் வண்டியைத் தட்டினார். பிஸ்கட் டப்பாவின் சத்தம். இரண்டாவது வண்டியில் தண்ணீர்த் தொட்டியின் சத்தம். மூன்றாவதில் சத்தமே இல்லை. விரல் முட்டிதான் வலித்தது.

"இது தகட்டை வளைச்சு அடிச்சது இல்லை. கனமான இரும்புப் பலகையை வெட்டி வெல்டிங் பண்ணினது. கல்லு பட்டா கல்லுக்குத்தான் சேதம். பிளேடு சுத்தற தண்டு மூணுக்கும் கிரீஸ் அடிக்க வழி இருக்கு; அடிச்சுக்கிட்டே இருந்தா அது பாட்டுக்கு ஓடும். பின்சக்கரம் ரெண்டையும் சுத்தறதுக்குத் தனித்தனி பம்ப். ஒரு லீவரை முன்னால தள்ளி இன்னொண்ணைப் பின்னால இழுத்தீங்கன்னா நின்ன இடத்திலேயே திரும்பும்."

கடைக்காரர் சாவியைத் திருகினார். வண்டி கத்தவில்லை, செருமியது. பெரிய மனிதர் பேசத் தொடங்குவதற்கு முன் செருமுவாரே, அப்படி. புல்லு முதலாளி தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

விலை கேட்டார். கடைக்காரர் சொன்னார். செருப்பை மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஓட்டிப் பார்க்கணும்," என்றார்.

"தாராளமா. கடை முன்னாடி ரெண்டு ரவுண்டு அடிங்க."

"ரெண்டு ரவுண்டுல என்ன தெரியும்? பெரிய இடமா வேணும். மணிக்கணக்கா ஓட்டணும்."

கடைக்காரரின் முகம் வாடியது. "முதலாளி, புது வண்டி. தேய்மானம்னு ஒண்ணு இருக்கு."

"தேயாத வண்டின்னு இப்பத்தானே சொன்னீங்க?"

மடக்கிவிட்ட உற்சாகத்தில் புல்லு முதலாளி மேலே போனார். "பெட்ரோல் உங்க கணக்கு."

"பெட்ரோலுமா?"

"வண்டியைக் கொண்டுவந்து இறக்கற வாடகையும்."

கடைக்காரர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "இப்படி ஒரு பேரத்தை நான் பார்த்ததில்லை," என்றார் பெருமூச்சோடு. "சரி, உங்களுக்காக. சனிக்கிழமை காலையில ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். வெளியில மட்டும் சொல்லிராதீங்க முதலாளி. எல்லாரும் இப்படிக் கேட்டா நான் கடையை மூட வேண்டியதுதான்."

வியாபாரியையே தண்ணீர் குடிக்க வைத்த கதையை அன்று புல்லு முதலாளி மனைவியிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறையில் கடைக்காரர் அழுதுவிட்டார்.

சனிக்கிழமை காலை வண்டியை ஏற்றிய டிரெய்லர் முன்னால் போக, பின்னால் புல்லு முதலாளி போனார். டிரெய்லர் நேரே போய், வலதுபக்கம் திரும்பி, பெரிய ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தது. கடைக்காரர் இறங்குவதற்குள் அவர் ஓடிப்போய் எதிரே நின்றார்.

"இங்கயா?"

"தெரிஞ்ச இடம். பர்மிஷன் இருக்கு. ஏன், வேண்டாமா?"

"வேணும், வேணும்!"

இது தன்னுடைய பழைய புல் என்று அவர் சொல்லவில்லை. கையில் வந்து விழுந்த அதிர்ஷ்டத்தை ஏன் விளக்கிக் கெடுப்பது? இன்று சனிக்கிழமை. அந்த ஆள் எந்த நிமிஷமும் வருவான். அவன் வருவதற்குள் ஆறு ஏக்கரையும் முடித்துவிட்டால்? மேனேஜர் பார்ப்பார். மாடியில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அந்த மகா மேதை கேட்டிலேயே வெறுங்கையோடு நிற்பான்.

"வெயிலுக்கு இதைப் போட்டுக்குங்க," என்று கடைக்காரர் ஒரு தொப்பியைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் போய் பேப்பரை விரித்தார்.

புல்லு முதலாளி ஏறி உட்கார்ந்து, பரபரப்பில் வலது லீவரை முன்னாலும் இடது லீவரைப் பின்னாலும் ஒரே மூச்சாகத் தள்ளினார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. நின்ற இடத்திலேயே சுழன்றது. அவரும் சுழன்றார். ஆஸ்பத்திரி, மரம், கடைக்காரர், ஆஸ்பத்திரி, மரம், கடைக்காரர். இரண்டு லீவரையும் விட்டதும் வண்டி உடனே நின்றது. தலை நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முதல் மூலையிலேயே புல்லில் ஒரு வட்டம். அதை அழிக்க மேலேயே இன்னொரு முறை ஓட்டினார், வட்டம் பெரிதாயிற்று. ஓரத்தை ஒதுக்கப் பார்த்தார். வட்டத்துக்கு இதழ்கள் முளைத்தன. மாடியில் யாரோ விசில் அடித்தார்கள்.

அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. ஒரு மூலையில் பூ இருந்தால் தப்பு. நாலு மூலையிலும் இருந்தால் டிசைன்.

ஆனால் நாலு மூலைக்கும் போகவேண்டுமானால் நடுவே உள்ளதையும் வெட்டியாக வேண்டும். வெட்டினார். கேட்டில் ஒரு வேன் நுழைந்தால் திக்கென்றது. துணி துவைக்கும் வேன். ஒரு லாரி வந்தது. ஆக்சிஜன் லாரி. அந்த ஆள் வரவில்லை. அவர் லீவரை இன்னும் தள்ளினார்.

ஒரு ஏக்கர் தாண்டியதும் கை பழகியது. இரண்டு தாண்டியதும் கை இருப்பதே மறந்தது. நினைத்தால் வண்டி திரும்பியது. பள்ளத்தில் இறங்கியது, மேட்டில் ஏறியது, ஒளிந்திருந்த கல்லை உதைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் ஆட்கள் இருவரும் இரண்டு நாள் மூச்சு வாங்கத் தள்ளிய புல், அவருக்கு முன்னால் தானாகத் தலைகுனிந்து வழிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் அவர் கண்ணில் நீர் கோத்தது. புல் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

கடைக்காரர் பாதியில் ஓடிவந்தார். "போதும் முதலாளி, இறங்குங்க! பெட்ரோல் என் கணக்கு!"

"பேச்சு பேச்சா இருக்கணும்!" என்று கத்திவிட்டு அவர் அடுத்த பட்டைக்குத் திரும்பினார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினார்.

கடைசி மூலையின் கடைசி இதழை முடித்தபோது மாடி ஜன்னல்களில் எல்லாம் தலைகள். கால்கட்டுக்காரர் கைதட்டினார். மேனேஜரே பால்கனிக்கு வந்துவிட்டார். புல்லு முதலாளி இறங்கி, மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறி, ஜன்னல் வழியே பார்த்தார். நாலு மூலையிலும் நாலு பூ. நடுவே கோடு பிசகாத பட்டைகள். அவருடைய புல்! அவருடைய கை! இதைச் செய்தவனைத் தெரியும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

கீழே வந்து கடைக்காரரின் கையைப் பிடித்தார். "ஒரு பைசா குறைக்க வேண்டாம். திங்கட்கிழமை பணத்தோட வர்றேன்."

"உங்க இஷ்டம் முதலாளி," என்றார் கடைக்காரர் மெல்லிய குரலில், டிரெய்லரின் பின்கதவைத் தூக்கி மாட்டியபடி.

கேட்டைத் தாண்டும்போது புல்லு முதலாளிக்கு இனி முகத்தை மறைக்க ஆப்பிள் தேவைப்படவில்லை. வாட்ச்மேனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"வாரா வாரம் இங்க புல்லு வெட்ட வருவாரே, அவர் வந்தா சொல்லிருங்க. இனிமே அவருக்கு இங்க வேலை இல்லைன்னு."

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்படி யாரும் இல்லீங்களே சார். ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்னு அடம் பிடிக்கறவங்கள்ல வாரத்துக்கு ஒருத்தரைக் கடைக்காரரு இங்க கூட்டிட்டு வருவாரு, ஆஸ்பத்திரிக்கும் செலவில்லை. என்ன, எல்லாரும் பாதியில இறங்கிருவாங்க, மீதியை அவரே புலம்பிக்கிட்டு வெட்டுவாரு... ஆறு ஏக்கரையும் பாக்கி வைக்காம முடிச்சுக் குடுத்தது இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான்."