பக்கத்து வீட்டு வேண்டுதல்

நிஸ்வா, ஓமன்
நோன்பு மாதம்

சௌபாக்கியவதி வேதவல்லிக்கு, உன் கணவன் பரஞ்சோதி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். நீயும் அத்தையும் சுகமாக இருக்க நம் வீட்டுச் சாமிகள் அத்தனையும் காவல் நிற்கட்டும்.

உன் பதில் கிடைத்தது. விசா வந்தும் வர மனமில்லை, 'அங்கே வாயைத் திறந்தாலே சாமிப் பேச்சு என்று நீங்கள்தானே வருஷக்கணக்காகப் புலம்பினீர்கள், அவர்கள் என்னைச் சாமி பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்' என்று எழுதியிருக்கிறாய். ரொம்பச் சரி, வராதே. இங்கே தக்காளியை அமுக்கிப் பார்த்தாலே கடைக்காரர், "ஆண்டவன் குடுத்ததுல குறை பாக்கலாமா?" என்கிறார், அதற்குமேல் எப்படிப் பொறுக்குவது, அழுகலும் சேர்ந்துதான் வீட்டுக்கு வருகிறது. டாக்சி ஓட்டும் சைஃப் போன வாரம், "உங்க ஊர்ல எத்தனை சாமி?" என்றான். எண்ணியதில்லை என்றேன். வண்டியையே ஓரங்கட்டிவிட்டான். "அத்தனை பேர் இருந்துமா உன் சம்சாரத்தை ஒருத்தரும் கூட்டிட்டு வரல? எங்களுக்கு ஒருத்தன்தான், கேட்டா குடுக்கிறான்." எனக்கும் அந்தச் சாமிகள்மேல் வருத்தம்தான் என்றேன்.

இவர்களைவிடப் பெரிய தொல்லை பக்கத்து வீட்டுக் கல்ஃபானின் அம்மா. நோன்பு திறக்கும் நேரத்து வேண்டுதல் வீண்போகாதாம். அதனால் முதல் நோன்பன்றே சுவருக்கு மேலே தலையை நீட்டி உன் பேரைக் கேட்டார். ஆண்டவனுக்குத் தெரியாதா அம்மா என்றேன். "தெரியும் மகனே. ஆனாலும் பேரில்லாம கேட்டு, வேற எவளாவது வந்து எறங்கிட்டா?" என்றார். சொல்லிவிட்டேன். நேற்றுக் கல்ஃபான் என் வாசலில் வந்து நிற்கிறான், தாடியில் பாதி நரைத்த ஆள், அழாத குறை. "அண்ணே, பாங்கு சொல்லியும் அம்மா பேரீச்சம்பழத்தைக் கையில வச்சுக்கிட்டு உங்க வீட்டுக்காரிக்காகவே வேண்டிக்கிட்டு இருக்கு. அது வாயில போடாம நாங்க எப்படித் தின்றது? கஞ்சி ஆறிப் பாறையாவுது. மதினியை வரச் சொல்லுங்க, இல்ல வரமாட்டாங்கன்னு நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க." இந்த மாதிரி மனிதர்களுக்கு நடுவே நீ எப்படி இருப்பாய்? அங்கேயே இரு. எனக்குப் பழகிவிட்டது.

அத்தைக்கு என் நமஸ்காரம். உனக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
பரஞ்சோதி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நீ வரமாட்டாய் என்று சொல்லத்தான் இன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கும் ஒரு பழத்தைக் கையில் வைத்து, "நீ உங்க சாமிகிட்டயே கேளு, ஆனா கேளு" என்றார் அந்த அம்மா. கண்ணை மூடினேன். பிள்ளையாரும் வரவில்லை, முருகனும் வரவில்லை, நீதான் வந்தாய். கண்ணைத் திறந்தபோது எல்லாரும் எனக்காகப் பழத்தோடு காத்திருந்தார்கள். உன்னை யாராவது சாமி பற்றிக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கிளம்பி வா வேதா, கஞ்சி ஆறுகிறது.