மேஸ்திரி கேட்ட கேள்வி

குடியிருப்பவரை வைத்துக்கொண்டே வாடகை வீட்டைப் பழுதுபார்த்தால் கஷ்டம் அவருக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் சௌக்கியமாகவே இருப்பார். அகப்பட்டுக்கொள்வது வீட்டுக்காரன்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பி.ஏ. பாஸ் செய்த குமாஸ்தா. (தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம்.) கரமனை அக்ரஹாரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மனைவியோடு குடியிருந்தார். இடவப்பாதிப் பருவமழையில், சமையலறைப் பின்வாசல் வழியாகக் காற்றடித்து அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது. மறுநாள் வாத்தியாரின் அப்பாவுக்குத் திவசம். சமையல் நடக்காவிட்டால் என்ன செய்வது என்று மாமி கண் கலங்கினாள். பின்வாசலை அடைத்துவிட்டுப் பக்கச் சுவரில் புது வாசல் வைக்கிறேன் என்றேன். நிலை வைக்க வெள்ளிக்கிழமைதான் முகூர்த்தம். அடைப்பதை இன்றே முடிக்கலாம் என்பது என் திட்டம்.

மேஸ்திரி குஞ்சனைத் திவசச் சமையலறைக்குள் விடமாட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம். அன்று எனக்கு அது தவறாகப் படவில்லை, இன்று வெட்கமாயிருக்கிறது. ஆகவே அவர் கொல்லையில் மழையில் நனைந்தபடி செங்கல் அடுக்க, நான் உள்ளே நின்று சாந்து பூசினேன். இடுப்புயரம் வந்ததும் குஞ்சன் நிறுத்தினார்.

"சாமி எந்த வழியா வெளியே வரும்?"

"நீர் வேலையைப் பாரும்" என்றேன்.

பார்த்தார். கடைசிச் செங்கல்லும் ஏறியது.

உடம்பெல்லாம் சாந்தோடு வாசல் பக்கம் போகத் திரும்பினேன். குறுகலான நடையில், கொடியிலிருந்து தரைக்கு ஒரு சாண் உயரம் வரை மறுநாளுக்கான மடிப் புடவையும் வேஷ்டியும் தொங்கின. அவற்றை யாரும் தொடக்கூடாது.

"அம்பி, அங்கேயே நில்லு" என்றாள் மாமி. "நீ பட்டா திரும்ப நனைச்சு உலர்த்தணும். இந்த மழையிலே காயாது. எங்க மாமனார் நாளைக்குப் பட்டினி."

வேறிடத்தில் உலர்த்தலாமே என்றேன். மற்ற இடமெல்லாம் ஒழுகுகிறது என்றார் வாத்தியார், மிக மரியாதையாக. (ஒழுகவிட்ட வீட்டுக்காரன் அடியேன்தான்.) ஜன்னலுக்கு வெளியே கிணறு. தவழ்ந்து வரட்டுமா என்று கேட்டேன். மாமி என் தொந்தியைப் பார்த்தாள். பிறகு இரக்கப்பட்டு, ஒரு டம்ளர் காப்பியைத் தரையில் வைத்து, மடித்துணி எடுக்கும் கோலால் புடவைக்கு அடியில் தள்ளிவிட்டாள். நல்ல காப்பி. குடித்தேன்.

சுவருக்கு அப்புறமிருந்து குரல் வந்தது. "ஞான் முன்னமே கேட்டேனல்லோ, சாமி."

கடைசியில் குஞ்சன் மேல் வரிசைச் செங்கற்களை உருவினார். நான் உரல்மேல் ஏறி, அந்தச் சந்தில் தலையை நுழைத்து, அந்தப் பக்கம் சரிந்தேன். கொல்லையில் பாதி அக்ரஹாரம் குடையோடு நின்றிருந்தது. விழாமல் என்னைத் தாங்கிப் பிடித்தவர், காலையிலிருந்து நான் வெளியே நிறுத்தியிருந்த குஞ்சன்தான். அவர் தொட்டதற்கு நான் குளிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எப்படியும் குளிக்கத்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் அடுப்பு அணையாமல் எரிந்தது. திவசம் குறைவில்லாமல் நடந்தது. நான் கூரையையும் மாற்றிக் கொடுத்தேன். வாத்தியார் பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்தார். குஞ்சன் வெளியிலிருந்து மறுபடி அடைத்த இடத்துக்கு மட்டும் உட்புறம் சாந்து பூச மாமி விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் கதை சொன்னாள். கதை எனக்குப் பெண் கொடுக்கவிருந்த வீடு வரைக்கும் போயிற்று, ஆனாலும் கொடுத்தார்கள்.

இன்றும் நான் ஒரு காரியத்தில் துணிந்து இறங்கினால், என் மனைவி அடுக்களையிலிருந்தே கேட்பாள்:

"சாமி எந்த வழியா வெளியே வரும்?"