நூற்று எண்பத்தேழு வேல்சாமிகள்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பும் மரியாதையும் உள்ள ஆசிக் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் ரிஸ்வானா ஸலாம் சொல்லி எழுதுவது.

நடந்ததை நடந்தபடியே, எனக்குப் பாதகமானதையும் சேர்த்து, ஒன்று விடாமல் உண்மையாக எழுதப் போகிறேன். நேற்று இரவு நீங்கள் மஸ்கட்டிலிருந்து போனில் கேட்டபோது அத்தா கம்ப்யூட்டரைக் குறை சொன்னார், நம் கடைக்குப் பைப் மாட்டும் பிட்டர் வேல்சாமி அண்ணன் அத்தாவைக் குறை சொன்னார், அம்மா தோப்புக்குப் பைப் படம் வரையும் அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்த உங்களையே குறை சொன்னார். அதனால்தான் என்னை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். இங்கு நான், அம்மா, கடை, கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் சுகம். அத்தாவும் சுகம் என்று எழுதும்படி அத்தாவே சொன்னார். உங்கள் சுகத்தையும் அந்த ஊர் வெயிலின் சுகத்தையும் தெரிவிக்கவும்.

அத்தா தனியாகப் பைப் கடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. பைப் வளைவில் போடும் எல்போ உடைந்தால் மாற்று எல்போ வாங்க வருகிறார்களே தவிர, ஒரு முழுத் தோப்பு வேலை இதுவரை கிடைக்கவில்லை. இந்த நிலையில் போன வாரம் தேவதானம் கருத்தப்பாண்டி ஐயா, ஆறு ஏக்கர் தென்னந்தோப்புக்குச் சொட்டுநீர் போட வேண்டும் என்று வந்தார். அத்தா வழக்கம்போல் கடைத் தரையில் சாக்பீஸால் தோப்பை வரையத் தொடங்கினார். கருத்தப்பாண்டி ஐயா அந்தத் தோப்பின் மேல் செருப்போடு நின்றுகொண்டு, வன்னியம்பட்டியில் தன் மச்சினனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் கலரில் படம் போட்டுச் சாமான் பட்டியலும் கொடுத்திருப்பதாகவும், அதேபோல் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தந்தால் வேலை நமக்கு, இல்லையென்றால் அவருக்கு என்றும் சொல்லிவிட்டு, கிணற்றை மிதித்தபடி வெளியே போனார்.

கம்ப்யூட்டரில் தோப்பை வரைவது எனக்கு எளிதாகவே இருந்தது. மாமா, சிரமமெல்லாம் இணைப்புகளில்தான். உங்கள் மென்பொருளுக்குப் பைப் தெரிகிறது, பைப்பைக் கிளை பிரிக்கும் டீ தெரியவில்லை. ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை வாய், ஒவ்வொரு வாயும் என்ன அளவு, அது இன்னொன்றுக்குள் நுழையுமா அல்லது இன்னொன்றை உள்ளே வாங்குமா என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, ஸ்கேலால் அளந்து பதிந்தேன். அத்தா அருகில் நின்று, "ஏட்டி, டீக்கு மூணு வாயின்னுகூட அதுக்குத் தெரியாதா? இதை நம்பியா தோப்பைக் குடுக்கோம்?" என்று மட்டும் பலமுறை கேட்டார். நான் பெரிய பைப்பைச் சின்னதோடு சேர்க்கும் ஒரு ரெடியூசரின் பெரிய வாயை அளந்து முடித்து எழுதிக்கொண்டிருந்தபோது, அத்தா அதை எடுத்து ஒருவருக்கு விற்றுவிட்டார். அலமாரியில் அதுதான் கடைசி. நான் அந்த மனிதர் பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாப்பில் அவர் கையிலிருந்தபடியே சின்ன வாயை அளந்துகொண்டு வந்தேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை. ஆனால் பஸ் வந்ததும் முன் வாசல் வழியாக ஏறி, பின் பக்கம் போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் பதிந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், படத்தில் சிவப்பு வட்டங்கள் வந்தன. பைப்பும் பைப்பும் நேராகச் சேரும் இடங்களில் இணைப்பு இல்லையாம். இங்கேதான் வேல்சாமி அண்ணன் வருகிறார். நம் கடையில் நேர் இணைப்புக்கென்று சாமான் எதுவும் வாங்கி வைப்பதில்லை. வேல்சாமி அண்ணன் பைப்பின் வாயைத் தென்னை மட்டைத் தீயில் வாட்டி, இளகியதும் அடுத்த பைப்பை அதற்குள் சொருகி, ஈரத்துணி சுற்றிவிடுவார். பிறகு அது ஒரே பைப். இதைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. முப்பது வருஷமாக இந்த வட்டாரத்தில் தண்ணீர் ஓடுவதே தன்னால்தான் என்றும், தன்னையும் அதில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆகவே புதிய சாமான் ஒன்றைத் திறந்து, பெயர் என்ற இடத்தில் "வேல்சாமி" என்று எழுதினேன்.

"எத்தனை வாய் அண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கா? எம்புட்டு வேணுமோ அம்புட்டு போட்டுக்க பாப்பா."

"அளவு?"

"எந்தப் பைப்பா இருந்தா என்ன? எதையும் எதோடயும் சேத்துருவேன். ஒங்க அத்தாட்ட கேளு."

நான் அவர் சொன்னபடியே பதிந்தேன். எதுவானாலும், எத்தனையானாலும் என்று இரண்டு கட்டங்களிலும் டிக் செய்தேன். இதுதான் என் குற்றம். பொத்தானை அழுத்தியதும் சிவப்பு வட்டங்கள் ஒன்றுவிடாமல் மறைந்தன. அத்தா எனக்கும் வேல்சாமி அண்ணனுக்கும் பருத்திப்பால் வாங்கி வந்தார். நான் படத்தின் பச்சை நிறத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்ததால், பட்டியலைப் படிக்காமலே அச்செடுத்துவிட்டேன்.

கருத்தப்பாண்டி ஐயா சொன்ன நேரத்துக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டியலை வாய்விட்டு வாசித்தார். பைப் இத்தனை, சொட்டுவான் இத்தனை என்று வரிசையாக வந்தவர், "வேல்சாமி, நூத்தி எண்பத்தேழு" என்று வாசித்து நிறுத்தினார். மாமா, அந்த மென்பொருள் எந்தச் சாமான் அதிக இடங்களில் பொருந்துமோ அதையே தேடி எடுக்கும் என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. டீ இல்லை, எல்போ இல்லை, வால்வுகூட இல்லை. கிணற்றடி மோட்டார் தொடங்கிக் கடைசித் தென்னை வரைக்கும் வேல்சாமி அண்ணன்தான் இருந்தார்.

"பாய், இந்த வரிசைக் கடைசியில தண்ணி வெளிய போகாம அடைக்கதும் வேல்சாமிதானா?" என்று கருத்தப்பாண்டி ஐயா கேட்டார். "கையால பொத்திக்கிட்டு நிப்பானோ?"

எட்டு மாதமாகக் காத்திருந்த வேலை போய்விட்டது என்று அத்தா முகத்தில் எழுதியிருந்தது. நான் மேசைக்கு அடியில் விழுந்த பென்சிலைத் தேடினேன். உண்மையில் பென்சில் விழவில்லை. வேல்சாமி அண்ணன் மட்டும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சொன்ன தேதிக்கு நான் ஒருத்தன் வாரதே செரமம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அதைக் கேட்டதும் கருத்தப்பாண்டி ஐயா உட்கார்ந்துவிட்டார். "அதாம்யா சங்கதி," என்றார். "அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் லிஸ்ட்டுல மூடி, வால்வு எல்லாம் சுத்தமா இருக்கு. வேலைக்கு யாரு வருவான்னு கேட்டா மட்டும், ஆள் அனுப்புதோம், அனுப்புதோம்ங்கான். மச்சினன் தோப்புல பைப்பு ரெண்டு மாசமா வெயிலு காயுது. பாய் ஆளையே எழுதிக் குடுத்துட்டாரு." பிறகு தாளை மேசையில் விரித்து, "ஏலே வேல்சாமி, இந்த நூத்தி எண்பத்தேழுக்குப் பக்கத்துல தேதியப் போட்டுக் கையெழுத்தப் போடு" என்றார். வேல்சாமி அண்ணன் வாசலைப் பார்த்தார். வாசலில் அத்தா நின்றார். வருகிற புதன்கிழமை என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேலை நமக்குக் கிடைத்தது, மாமா.

இன்று காலை எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். வேல்சாமி அண்ணனுக்கு இப்போது இரண்டு வாய்தான், இரண்டும் ஒரே அளவு. மற்ற இடங்களில் டீ, எல்போ, மூடி எல்லாம் முறையாக வந்துவிட்டன. ஆனால் பழைய பட்டியல் உள்ளே அப்படியே இருக்கிறது. அதை அழிக்க உங்கள் பாஸ்வேர்டு வேண்டுமாம். தயவுசெய்து அங்கிருந்தே அழித்துவிடவும். "வேல்சாமி" என்ற பெயரையும் "சூட்டு இணைப்பு" என்று கண்ணியமாக மாற்றவும். வெளியாள் யாராவது பார்த்தால் கடைக்கு அவமானம் என்று அத்தா கவலைப்படுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடவும். தண்ணீர் நிறையக் குடிக்கவும். உங்கள் ஆயுளும் வேலையும் கசிவில்லாமல் ஓட அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
ரிஸ்வானா, ஒன்பதாம் வகுப்பு.

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை முடித்த நேரத்தில் கருத்தப்பாண்டி ஐயா சொல்லித் தளவாய்புரத்திலிருந்து இருவர் வந்து, ஆள் பெயர் போட்ட அந்தப் பட்டியல்தான் வேண்டும், வேலையும் புதன்கிழமையே தொடங்க வேண்டும் என்றார்கள். அத்தா சரி என்றுவிட்டார். வேல்சாமி அண்ணன் ஒருவர்தானே என்று நான் அத்தா காதில் சொன்னேன். "லிஸ்ட்டுல நூத்தி எண்பத்தேழு இருந்துச்சுல்லா" என்று சொல்லிவிட்டு, அத்தா கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.