அரைமணி நேர வீட்டுக்காரி

வீட்டுப் புரோக்கருக்குப் பொய் சொல்ல வராது என்றால் ராபர்ட்சன்பேட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு நிஜமாகவே வராது. "தண்ணி தினமும் வரும்" என்பதைத் தாண்டி என் கற்பனை போனதில்லை. (அதையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.)

பிறகு இணையத்தில் வீடு விற்கும் தளங்கள் வந்தன. "புரோக்கர் வேண்டாம், ஓனரிடமே பேசுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, போனில் வீடு பார்த்துவிட்டு, என்னிடம் அந்தத் தெருவுக்கு வழி மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள். நானும் சொல்லி அனுப்பினேன்.

கடையை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஆண்டர்சன்பேட்டை சாமுவேல் அண்ணன் தன் வீட்டை விற்றுத் தரச் சொன்னார். எனக்குள் அறிவு சுடர்விட்டது. வீட்டைத் தளத்தில் ஏற்றி, ஓனர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். மறுநாளே பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஜோடி, வீடு பார்க்க வருவதாகப் போன் செய்தது.

"நீ ஓனர்னா நான் யாரும்மா?" என்றார் சாமுவேல் அண்ணன்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்கண்ணா. பேப்பர் படிங்க, போதும்."

அவர் மனைவி ரோஸ்லின் அக்கா சர்ச் கூட்டத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார் என்பது எங்கள் நம்பிக்கை.

ஜோடியில் பெண்ணின் பெயர் திவ்யா. உள்ளே நுழைந்ததுமே பேப்பருக்குப் பின்னால் இருந்தவரைக் காட்டி, "சார் யாரு?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்று வாயில் வந்துவிட்டது. பேப்பர் இன்னும் மேலே ஏறியது.

"இது கிச்சன்" என்று கம்பீரமாக ஒரு கதவைத் திறந்தேன். பாத்ரூம். "எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எனக்கே குழம்பிடும்" என்று சிரித்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ரோஸ்லின் அக்கா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார்.

"இவங்க?" என்றாள் திவ்யா.

"வேலை செய்றவங்க" என்றேன்.

எங்கள் ஊரில் எத்தனையோ தங்கச் சுரங்கம் மூடிக் கிடக்கிறது. அதில் ஒன்றாவது அந்த நிமிடம் என் காலடியில் திறந்திருக்கலாம்.

ரோஸ்லின் அக்கா டம்ளரை வைத்தார். பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவரோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னா மேடம், வந்தவங்களுக்கு டீ போடலியா? நீங்க போட்டாத்தான சார் குடிப்பாரு" என்றார்.

போனேன். சர்க்கரை கிடைக்கவில்லை.

"சக்கர எங்க கீது?" என்று கிசுகிசுத்தேன்.

"உங்க வீட்ல எங்க கீதுன்னு என்னைக் கேட்டா இன்னா மேடம்?"

கைக்குக் கிடைத்த வெள்ளைப் பொருளைப் போட்டேன். சாமுவேல் அண்ணன் ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது. ஆனாலும் மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் உப்பு டீ முழுவதையும் குடித்து முடித்தார்.

திவ்யா டீயைத் தொடவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கல்யாணப் போட்டோ. கோட்டு போட்ட சாமுவேல் அண்ணன், பக்கத்தில் வெள்ளைப் புடவையும் தலையில் வலை முக்காடுமாக ஒரு பெண்.

"அக்கா, இதுல நிக்கறது நீங்கதானே?" என்று ரோஸ்லின் அக்காவிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எடுத்தது."

திவ்யாவின் கணவன் சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நான் புரோக்கரும்மா. புரோக்கர்னு போட்டா ஒருத்தரும் போன் பண்றதில்ல" என்றேன்.

திவ்யா, "நாங்களும் பண்ணியிருக்க மாட்டோம் அக்கா" என்றாள்.

வீட்டை அவர்களே வாங்கினார்கள், ரோஸ்லின் அக்காவிடம் நேராகப் பேசி. கமிஷன் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. ஆனால் அடுத்த வாரம் ரோஸ்லின் அக்கா என் கடைக்கு வந்தார்.

"எங்களுக்கு ஒரு சின்ன வீடு பாரு" என்றார். (அந்தச் 'சின்ன வீடு' வேண்டுமென்றே அழுத்திச் சொன்னது.) "இந்தத் தடவ புரோக்கராவே வா."

பார்த்துக் கொடுத்தேன், எங்கள் பக்கத்துத் தெருவிலேயே. அதுதான் தப்பு. இன்றைக்கும் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால், "இன்னா மேடம், நம்ம வீட்டுக்காரருக்கு இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பார். என் கணவர் பக்கத்தில் நின்றால் குரல் இன்னும் ஏறும்.

அந்த மனுஷனும் சளைக்காமல், "மீன் கொழம்பே வெச்சிடுங்கக்கா, வீட்டுக்காரருங்க எங்க ரெண்டு பேருக்கும் அதான் புடிக்கும்" என்பார்.