பியட்டுக்குச் சீயக்காய்

கார்க் கதவின் கைப்பிடிக்குக் கீழே, மிளகு அளவுக்கு வெள்ளைப் பெயிண்ட் உப்பியிருந்தது. தெய்வசிகாமணி அதை நகத்தால் சும்மா கீறினார். அப்பளம் அகலத்துக்குப் பெயிண்ட் கையோடு வந்துவிட்டது.

"ஐயையோ!"

தன் வண்டியாக இருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். இது பக்கத்து வீட்டு முருகையனின் பழைய பியட் கார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், புயல் மழையில் ஓர் ஆட்டோகூடக் கிடைக்காமல் அவர் மனைவி மாலா பிரசவ வலியில் துடித்தபோது, யாரும் கேட்காமலே இந்தக் காரை எடுத்தவர் முருகையன். லாஸ்பேட்டையிலிருந்து கோரிமேடு ஆஸ்பத்திரி வரைக்கும் முழங்கால் தண்ணீர். கால்மணி நேரம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரே சொன்னார். அந்த இரண்டு உயிரில் ஒன்று இப்போது அடுக்களையில் தீபாவளி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தது. அந்தக் காரைக் கடக்கும்போதெல்லாம் தெய்வசிகாமணியின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

போன மாதம் முருகையனும் அவர் மனைவி ஜெயமும், கண் ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி விடுப்பா" என்று சாவியைக் கொடுத்த முருகையன், கூடவே சில தாள்களையும் நீட்டினார். "இதுல சாட்சிக் கையெழுத்துப் போடு. கோர்ட்டு கேஸ் பேப்பரு."

பெருக்கல் குறி இருந்த இடத்திலெல்லாம் தெய்வசிகாமணி போட்டுக் கொடுத்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் ஆபீசில் எரிந்து விழுகிற கிளார்க்தான். ஆனால் முருகையன் நீட்டினால் வெற்றுத்தாளிலும் போடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் காரில்தான் இப்போது அப்பளம் அளவுக்குச் சொட்டை.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். சொட்டை தாம்பாளம் ஆனது. மாலாவுக்குத் தெரியாமல் தோசைத் திருப்பியை எடுத்து வந்து சுரண்டினார். கதவு முழுக்கப் போயிற்று.

"ஒரு கதவு மட்டும் மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கு?" என்றாள் மாலா, திருப்பியைத் தேடி வந்தவள்.

"அதான் மாலா, மொத்தத்தையும் உரிச்சிட்டு ஐயா வரதுக்குள்ள புதுசா அடிச்சிடலாம்னு பாக்கறேன். செஞ்ச உதவிக்கு நாம என்னா திருப்பிச் செஞ்சோம்?"

மாலாவின் கண் கலங்கிவிட்டது. திருப்பியை அவளே திரும்பக் கொடுத்தாள்.

பெயிண்ட் ரிமூவர் வாங்கி வந்து மூன்று நாள் பூசி, சுரண்டி, கண்ணெரிய உட்கார்ந்து உரித்தார்கள். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே தகரம். கடைசியில் பியட், தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் அண்டா மாதிரி பளபளத்தது. "நாளைக்கு வரேன்" என்ற பெயிண்டர் காத்தவராயன் வரவில்லை. தீபாவளி நேரத்தில் பெயிண்டர் சொல்கிற நாளைக்கு எந்த நாள் என்று அவருக்கே தெரியாது.

மழைதான் சொன்ன நாளில் வந்தது. கடல் காற்றும் கூடவே வந்தது. விடிந்து பார்த்தால் வண்டி முழுக்க மஞ்சள் மஞ்சளாகத் துரு.

"இதுக்கு ஏன் இப்படி ஒக்காந்துட்டீங்க?" என்றாள் மாலா. "தோசைக்கல்லு துருப்பிடிக்காம இருக்க என்னா செய்யறோம்? எண்ணெ தடவி வைக்கறோம் இல்ல?"

உப்புத்தாளால் துருவைத் தேய்த்துவிட்டு, இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிவந்து பானெட்டிலிருந்து டிக்கிவரை தடவினார்கள். துரு நின்றது. எறும்பு வந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் காத்தவராயன் வந்து, ஒரு விரலால் காரைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார்.

"என்னா சார் இது, வண்டிக்குத் தாளிச்சு வச்சிருக்கீங்க? எண்ணெ மேல பெயிண்ட் ஒக்காராது சார். பிசுக்கு சுத்தமா போவட்டும். தீபாவளி முடிஞ்சு வரேன்."

"எப்படிப் போவும்?" என்று கேட்பதற்குள் அவர் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

"எண்ணெ போவ சீயக்காதான்" என்றாள் மாலா.

ஒரு கிலோ சீயக்காய்த் தூளைக் கரைத்து, இருவரும் நுரை பறக்கத் தேய்த்தார்கள். எட்டு வாளி வெந்நீர். எண்ணெய் சுத்தமாகப் போனது. தீபாவளி விடிந்தபோது, துடைக்கத் துடைக்கத் துரு பூத்து, வண்டி செங்கல் நிறத்தில் நின்றது. வாசலில் ஆட்டோவும் வந்து நின்றது.

கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார் முருகையன். பின்னாலேயே பையோடு ஜெயம்.

"அட, செவப்பு அடிச்சிட்டியா? நல்லாதாம்ப்பா இருக்கு!" என்று ஆசையாகத் தடவினார். உள்ளங்கை முழுக்கச் செம்பொடி.

தெய்வசிகாமணி கையைக் கூப்பினார்.

"ஐயா, என்னெ மன்னிச்சிடுங்க. எம் பொண்டாட்டி புள்ளையக் காப்பாத்துன வண்டி. புதுசாக்கி உங்க கையில குடுக்கணும்னு ஆசப்பட்டேன். உரிச்சேன், துருவேறிச்சு. எண்ணெ தேச்சேன், எறும்பு வந்துச்சு. சீயக்கா போட்டுக் குளிப்பாட்டினேன், இப்படி ஆயிடுச்சு. உங்க நன்றிக்கடனத் தீக்கறேன்னு உங்க வண்டியத் தீத்துட்டேன்!"

முருகையன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று தெய்வசிகாமணி பதறினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

ஜெயம் பையைத் துழாவி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கவரை எடுத்து மாலா கையில் வைத்தாள். உள்ளே காரின் ஆர்.சி. புத்தகம். அதில் இருந்தது தெய்வசிகாமணியின் பெயர்.

"இனிமே இவரால ஓட்ட முடியாதுன்னு, கேஸ் பேப்பருன்னு சொல்லி உங்கிட்ட கையெழுத்து வாங்கி, வண்டிய உம் பேருக்கே மாத்திட்டாரு தம்பி, உங்க வீட்டுல அதுக்கு இது தலை தீபாவளி, எண்ணெ தேச்சு சீயக்கா போட்டுக் குளிப்பாட்டினது முறைதானே!"